“100 வீதம் சோயா மெழுகு” என்று விற்கிற வாசனை மெழுகுதிரி: காசு போட முன்னம் இதை வாசியுங்கோ

யாழ்ப்பாணத்தில் வீட்டு விருந்துக்கென்று வாசனை மெழுகுதிரி வாங்க நினைக்கிற ஆக்கள், அதிலும் முகநூலில் படத்தைப் பார்த்து வங்கியில் காசு போட்டு எடுக்கிற ஆக்கள், கொஞ்சம் பொறுத்து இதை வாசியுங்கோ. நான் வாங்கின இடத்தின் பெயரை இங்கே போடவில்லை. அது என் முறைப்பாட்டுக் கடிதத்தில் இருக்கிறது. என்ன சொல்லி விற்றார்கள், வந்தது என்ன, நீங்கள் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

விளம்பரம் இப்படி இருந்தது: “சாப்பாட்டு மேசை செற். 100 வீதம் சோயா மெழுகு, இயற்கை எண்ணெய் மட்டும், புகை வராது.” வனிலா, மல்லிகை, சந்தனம் என்று மூன்று. விலை 8,500 ரூபா, கூரியர் காசு வேறு. கனடாவிலிருந்து மச்சாள் குடும்பம் வந்து நின்றது. பெரியப்பா, பெரியம்மாவையும் கூப்பிட்டு இரவுச் சாப்பாடு கொடுக்க நினைத்தோம். பெரியப்பாவுக்குத் தொய்வு (ஆஸ்துமா) இருக்கிறது, இது ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டுத்தான் ஓடர் பண்ணினேன். “ஒரு பிரச்சினையும் வராது அக்கா, குழந்தைப்பிள்ளையின்ர அறையிலயே வைக்கலாம்” என்று குரல்பதிவு அனுப்பினார்கள். அந்தப் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது.

பார்சலைத் திறந்தபோது மெழுகின் மேலே எண்ணெய் முத்து முத்தாகப் பூத்திருந்தது. எங்கட வெக்கைக்கு நல்ல மெழுகும் சில வேளை அப்படி வேர்க்கும், அதை மட்டும் வைத்துக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் வனிலாவில் திரி நடுவில் இல்லை, ஒரு பக்கமாகக் கண்ணாடியோடு சாய்ந்து நின்றது. கண்ணாடியோ குடிக்கிற கிளாஸைவிட மெல்லிசு. லேபலில் மணத்தின் பெயரும் ஒரு பூப்படமும் மட்டும். செய்தது யார், என்ன மெழுகு, எவ்வளவு நேரம் எரிக்கலாம், எதுவுமில்லை. படம் எடுத்து அனுப்பிக் கேட்டேன். “கையால செய்யிறது அக்கா, அப்பிடித்தான் இருக்கும். பயப்பிடாமல் மேசையில வைச்சுக் கொளுத்துங்கோ.”

அன்றைக்கு நண்டுக் கறி, கணவாய்ப் பிரட்டல், கத்தரிக்காய்ப் பால்கறி, புட்டு, சொதி. மத்தியானம் தொடக்கம் அம்மாவும் நானும் அடுப்படியில் நின்று சமைத்தது. நண்டுக் கறியை இறக்கும்போது முருங்கை இலை போட்டு மூடி வைத்து, மேசையில் திறக்கிற நேரம் எழும்புகிற அந்த மணத்துக்காகவே மச்சாள் வருசக்கணக்காக ஏங்கிக்கொண்டிருந்தவ. மூடியைத் திறந்தோம். வனிலாதான் மணத்தது. “கறி மணக்கேல்லையே பிள்ளை” என்று பெரியம்மா மெல்லமாகக் கேட்டா.

மணக்காததற்குக் காரணம் இருக்கிறது. நாக்கு அறிவது உப்பு, புளிப்பு, இனிப்பு, கைப்பு, உமாமி (இறைச்சி, மீன் சாறில் வருகிற ஊன்சுவை) என்ற சில சுவைகளைத்தான். பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, வறுத்த தூள் எல்லாம் வாயிலிருந்து தொண்டையின் பின்பக்கமாக மூக்குக்கு ஏறித்தான் எங்களுக்குச் சுவையாகத் தெரிகிறது. மூக்கை வேறொரு மணம் நிறைத்து வைத்திருந்தால் கறியின் பாதி போய்விடும். ஆகவே வாசனைத் திரியைச் “சாப்பாட்டு மேசைக்கு” என்று விற்பதே பிழையான ஆலோசனை. இந்தத் தொழில் செய்கிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் சுடர் நீண்டு கறுப்புப் புகை விடத் தொடங்கியது. வாசனை எண்ணெய் அளவுக்கு மிஞ்சினாலும், திரி தேவையைவிடத் தடிப்பாக இருந்தாலும் மெழுகு முழுதாக எரியாமல் கரி கக்கும். விசிறிக் காற்று அதைக் கூட்டும். சுவரில் கரி ஏறினதைப் பார்த்து, “தடைக்காலத்து ஜாம் போத்தல் விளக்குக்கூட இப்பிடிக் கரி பிடிக்கேல்லை” என்றா அம்மா. யுத்த நேரம் பொருளாதாரத் தடையில் போத்தலில் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கைத்தான் சொன்னா. பெரியப்பா இருமத் தொடங்கி, பிறகு இழுப்பு வந்து, இன்ஹேலரோடு முற்றத்தில் போய் இருந்தார். அவர் கோப்பையில் போட்ட புட்டு அப்படியே கிடந்தது. எனக்கு மாறாத கோபம் அதில்தான். கேட்டுத்தானே வாங்கினேன்.

அதோடு முடியவில்லை. சாய்ந்த திரி ஒரு பக்கக் கண்ணாடியையே சுட்டுக்கொண்டிருந்ததால் கிளாஸ் வெடித்து, உருகின மெழுகு மேசைச் சீலையில் ஓடியது. சுடர் இன்னும் நின்றது. ஒருவர் தண்ணீர்ச் செம்பைத் தூக்க மச்சாள் தடுத்துவிட்டா. கொதிக்கிற மெழுகில் தண்ணீர் பட்டால் சீறித் தெறிக்கும், முகம் கை வெந்துவிடும். ஒரு சட்டியைக் கவிழ்த்து மூடி நூர்த்தோம். இதை வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கோ.

அடுத்த நாள் விற்றவரோடு கதைத்தேன். முதலில் விசிறி போட்டது பிழை என்றார். யாழ்ப்பாணத்து இரவில் விசிறி இல்லாமல் யார் விருந்து வைப்பது? பிறகு மெழுகைப் பற்றித் துருவிக் கேட்க, “பரபினும் கலந்திருக்கு, தனிச் சோயா எங்கட வெயிலுக்கு நிக்காது” என்று எழுதினார். எத்தனை வீதம் என்று கேட்டதோடு என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார்.

பரபின் பெற்றோலியத்திலிருந்து வருவது, சோயா மெழுகு சோயா எண்ணெயை இறுக்கிச் செய்வது. பரபின் என்றாலே கூடாது என்று நான் சொல்லவில்லை. கோயிலடியில், தேவாலயத்தடியில் விற்கிற வெள்ளைத் திரிகள் பெரும்பாலும் அதுதான். திரியும் அளவும் சரியென்றால் நன்றாகவே எரியும். பரபினைக் கலந்துவிட்டு 100 வீதம் சோயா என்று விலை வைத்ததுதான் ஏமாற்று. சோயா பொதுவாக வெண்ணெய் போல மங்கலாக, நகம் பதியிற மெதுமையோடு இருக்கும். ஆனாலும் கண்ணால் பார்த்து அடித்துச் சொல்ல முடியாது, கலவை எப்படியும் இருக்கலாம். அதனால் எழுத்தில் கேளுங்கோ: என்ன மெழுகு, எத்தனை வீதம், வாசனை எண்ணெய் எவ்வளவு. வழமையாக மெழுகின் நிறையில் 6 முதல் 10 வீதம் வரை சேர்ப்பார்கள். உண்மையாகச் செய்கிறவருக்கு இதற்குப் பதில் சொல்ல ஒரு நிமிடம் போதும். கண்ணாடி சூடு தாங்குமா என்றும் கேளுங்கோ. திரி நடுவில் நிற்கிறதா என்று பார்க்கக் காசு போட முன்னம் மேலிருந்து எடுத்த படம் கேளுங்கோ.

விருந்தென்றால் மேசையில் மணமில்லாத வெள்ளைத் திரி வையுங்கோ. வாசனைத் திரி விறாந்தையிலோ வாசலடியிலோ இருக்கட்டும். ஆக்கள் வர ஒரு மணித்தியாலத்துக்கு முன்னம் கொளுத்தி, கறி மேசைக்கு வர முன்னம் நூர்த்துவிட்டால் மெல்லிய மணம் தங்கும். மெழுகுக்கு மேலே நிற்கிற திரி நூலை 5 அல்லது 6 மில்லிமீற்றர் நீளத்துக்கு வெட்டிவிட்டுக் கொளுத்த வேண்டும். சோளகம் அடிக்கிற மாதங்களில் யன்னலுக்கு நேரே வேண்டாம். 4 மணித்தியாலத்துக்கு மேல் ஒரே தொடராக எரிக்கக் கூடாது, அடியில் ஒரு சென்ரிமீற்றர் மெழுகு மிஞ்சும்போது நிறுத்த வேண்டும். தொய்வுக்காரர் வருகிற வீட்டில் மணத் திரியே வேண்டாம், அது எவ்வளவு “இயற்கை” என்றாலும்.

காசு போட்ட சீட்டு, விளம்பரத்தின் படம், குரல்பதிவு, வெடித்த கிளாஸின் படம் எல்லாவற்றையும் சேர்த்துப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதியிருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். தொலைபேசியில் கேட்க 1977. இதே மாதிரிச் செற் உங்கள் வீட்டிலும் இருந்தால் கொளுத்தாதேங்கோ, எறியவும் வேண்டாம். லேபலோடு படம் எடுத்து வைத்து நீங்களும் எழுதுங்கோ.