கோழி காணாமல் போகிறதா? மரம், கரப்பு, வலை, கம்பிக்கூடு: எது எதற்கு?

திருகோணமலை சாம்பல்தீவில் எங்கள் வளவில் இரண்டு கிழமைக்குள் ஐந்து ஊர்க்கோழிகள் குறைந்துவிட்டன. பக்கத்து வீட்டு மாமி “நரிதான் தம்பி” என்றார். நானும் நம்பி வேலியைச் சுற்றி அடைத்தேன். ஆறாவது கோழி வேப்பமரத்தடியில் செத்துக் கிடந்தது. தலையும் கழுத்தும் இல்லை, உடம்பு அப்படியே இருந்தது. மரப்பட்டையில் புது நகக்கீறல்கள். வந்தது மரநாய். மரத்துக்கு மரம் தாவுகிற அதற்கு வேலி எந்த மூலைக்கு?

அதனால் கம்பி வாங்கப் போகுமுன் வளவைப் பாருங்கள். பகலில் குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தால் பிராந்து, காகம், கீரி மூன்றையும் சந்தேகிக்கலாம். இரவில் முழுக்கோழி போய், செட்டைகள் வேலிவரை சிதறியிருந்தால் நரியாக இருக்கலாம்; தம்பலகாமம் போன்ற வயலோர ஊர்களில் இது கூடுதலாகப் பொருந்தும். பல கோழிகளைக் கொன்று தின்னாமல் போட்டிருந்தால் பெரும்பாலும் நாய். ஒரு செட்டைகூட இல்லையென்றால் வெங்கிணாந்தி (மலைப்பாம்பு), அல்லது மனிதர். இன்னொன்றும் உண்டு: பேடு எங்காவது பற்றைக்குள் களவாக அடைகிடக்கலாம். நாளுக்கு ஒருமுறை அவசரமாக ஓடிவந்து தீன் பொறுக்கிவிட்டு, வழமையைவிடப் பெரிதாக எச்சமிட்டுப் போகும். 21 நாள் பொறுத்தால் குஞ்சுகளோடு திரும்பும். எங்கள் ஐந்தில் ஒன்று அப்படித்தான் தாழைப் பற்றைக்குள் இருந்தது.

சரி, இனிக் காவல். மரத்தில் அடையவிடுவது செலவில்லாதது, நரிக்கும் நாய்க்கும் எட்டாது. ஆனால் கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. மரநாய் பக்கத்தில் வந்தாலும் அசையாமல் இருக்கும். கரப்பு, அதாவது கோழியை மூடிவைக்கிற கூடை, குஞ்சுத்தாய்க்குப் பகலில் நல்லது. மேலே ஒரு கல் வைத்தால் காகமும் பிராந்தும் ஒன்றும் செய்ய முடியாது. இரவில் நாய் தட்டினால் கவிழ்ந்துவிடும்.

திருகோணமலையில் நமக்குக் கிடைக்கிற பெரிய வசதி பழைய மீன்வலை. கரையில் கேட்டால் கிழிந்த வலையைச் சும்மாவே தருவார்கள். மேய்கிற இடத்துக்கு மேலே கட்டினால் வானத்திலிருந்து வருகிற ஆபத்து போய்விடும். அதையே கூட்டின் சுவராகக் கட்டாதீர்கள்; மரநாய் கடித்து அறுத்துவிடும், பாம்பு சிக்கிச் சாகும்.

கடையில் கிடைக்கிற அறுகோணக் கண் கோழிவலைதான் பலருடைய தேர்வு. அது கோழியை உள்ளே வைத்திருக்கும், கள்வனை வெளியே வைத்திருக்காது. குட்டிப் பாம்பும் எலியும் நுழையும், நாய் இழுத்தால் பிரியும், இந்த உப்புக்காற்றில் சீக்கிரமே துருப்பிடிக்கும். அரை அங்குலக் கண் வெல்ட் மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்த வலை) விலை கூடத்தான். ஆனாலும் காசு இருக்கிற அளவுக்குச் சிறிய கூட்டை அதில் செய்வதையே நான் சொல்வேன். பெரிய கூட்டை மெல்லிய வலையில் செய்வதைவிட இது எவ்வளவோ மேல். நான் செய்தது இரண்டடி உயரக் கால், மரத்தளம், மேலே தகரம். நிலத்திலேயே கூடு வைத்தால் வலையை ஓரடி வெளிப்பக்கமாக மண்ணில் விரித்துப் புதையுங்கள், தோண்டி வருவது நிற்கும். கதவுக்கு வெறும் கொளுக்கி போதாது, பூட்டும் போடுங்கள். மாரி இருட்டில் மனிதக் கள்வனும் வருவான்.

நாய் வளர்ப்பது துணைதான், கூட்டுக்கு மாற்று அல்ல. குட்டியிலிருந்தே கோழியோடு பழகாத நாய் தானே ஒருநாள் பிடித்துவிடும்.

நஞ்சு வைப்பதைச் சிலர் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். வீட்டு நாய், பூனை, பிராந்து, சட்டம் காக்கிற மீன்பிடிப் பூனை எல்லாம் அதைத் தின்று சாகும். கூட்டுக்குள் வெங்கிணாந்தி சுருண்டு கிடந்தாலும் அடிக்காமல் வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள், அவர்கள் வரும்வரை மற்றக் கோழிகளைக் கரப்புக்குள் மாற்றி வையுங்கள்.