பில்ட் கோப்புகளுக்கு அகரவரிசை: பில்டிஃபையரோடு சில ஆண்டுகள்

மூல நிரலிலிருந்து மென்பொருளைக் கட்டும் பேசல் என்ற கருவிக்கு, எதை எப்படிக் கட்டுவது என்று சொல்பவை பில்ட் கோப்புகள். அவற்றைச் சீராக்கும் பில்டிஃபையரைச் சில ஆண்டுகளாக அன்றாடம் பயன்படுத்துகிறேன். ஜாவா உலகின் பில்ட் கருவியான மேவனில், அதன் போம் என்ற அமைப்புக் கோப்பை வரிசைப்படுத்தும் சார்ட்பாம் செருகுநிரலையும் நெடுநாள் ஓட்டிப் பார்த்தாயிற்று. கோப்பில் எது முன்னால், எது பின்னால் என்ற வாக்குவாதத்தை மனிதர்களிடமிருந்து பறித்துக்கொள்வதுதான் இரண்டின் வேலையும். இத்தகைய கருவி எதையெல்லாம் அடுக்குகிறது என்று பட்டியல் போடுவது எளிது. எதைத் தொடாமல் விடுகிறது என்று பார்த்துத்தான் நான் மதிப்பெண் போடுவேன்.

அடுக்கும் வேலையில் பில்டிஃபையர் மேல் எனக்குப் பெரிய குறை கிடையாது. ஒவ்வொரு விதியிலும் (ஒன்றைக் கட்டச் சொல்லும் பதிவு) பெயர் முதல் வரியில் வந்து நிற்கும். மூலக்கோப்புகள் மேலே, சார்புகள் (அது நம்பியிருக்கும் பிற நூலகங்கள்) கீழே. சார்புப் பட்டியலுக்குள் முக்காற்புள்ளியில் தொடங்கும் உள்ளூர் இலக்குகள் (விதிகள் கட்டித் தருபவை) முதலில், இரட்டைச் சாய்கோட்டில் தொடங்குபவை அடுத்து, அட் குறியோடு வரும் வெளிக் களஞ்சியங்கள் கடைசியில். இதனால், ஓர் இலக்கு வெளியிலிருந்து எவற்றை இழுக்கிறது என்று அறியப் பட்டியலின் அடிப்பகுதியைப் பார்த்தால் போதும். முழுப் பட்டியலையும் வெறும் எழுத்து வரிசையில் அடுக்கியிருந்தால் இந்த வசதி கிடைத்திருக்காது.

மெர்ஜ் மோதல்களும், அதாவது தனித்தனிக் கிளைகளில் செய்த மாற்றங்களை இணைக்கும்போது வரும் முட்டல்களும், குறைந்தன. வரிசை இல்லாத பட்டியலில் எல்லோரும் புதுச் சார்பைக் கடைசி வரியில்தான் சேர்ப்பார்கள். இரண்டு கிளைகள் அங்கேயே முட்டிக்கொள்ளும். அகரவரிசையில் அவை ஆளுக்கொரு இடத்தில் போய் அமர்கின்றன. பக்கத்துப் பக்கத்து வரிகளில் விழுந்து மோதினாலும், இரு தரப்பு வரிகளையும் வைத்துக்கொண்டு கருவியை ஒருமுறை ஓட்டினால் தீர்ந்தது.

பட்டியலுக்கு நடுவே தனி வரியில் ஒரு குறிப்புரை எழுதினால், பில்டிஃபையர் அதை வேலியாகக் கொண்டு இரு பக்கத்தையும் தனித்தனியே வரிசைப்படுத்தும். 'தரவுத்தளம் சார்ந்தவை' என்று எழுதிப் பிரித்த குழு கலைந்துபோகாது.

இனி அது தொடாமல் விடுபவை. மூலக்கோப்புப் பட்டியலை எங்கு கண்டாலும் அடுக்குகிற பில்டிஃபையர், ஜென்ரூல் விதிக்குள் மட்டும் அதன் உள்ளீட்டுப் பட்டியலிலும் வெளியீட்டுப் பட்டியலிலும் கை வைப்பதில்லை. காரணம் இருக்கிறது. ஜென்ரூல் ஒரு ஷெல் கட்டளையை ஓட்டுவது. உள்ளீடுகள் பட்டியலில் உள்ள அதே வரிசையில்தான் கட்டளைக்குள் விரியும். அட்டவணைகளை உருவாக்கும் எஸ்கியூஎல் கோப்பையும் அவற்றில் தரவை நிரப்பும் கோப்பையும் ஒட்டி ஒன்றாக்கும் விதியில் வரிசை மாறினால், இல்லாத அட்டவணையில் தரவைச் செருகச் சொல்லும் கோப்பு வெளியே வரும். இதை முன்கூட்டி யோசித்து விதிவிலக்கு எழுதிவைத்தவர்களை மெச்சத்தான் வேண்டும்.

ஆனால் அந்த விதிவிலக்கு பெயரைப் பார்த்துத்தான் வேலை செய்கிறது. அதே ஜென்ரூலை ஒரு மேக்ரோவுக்குள் (விதிகளை உருவாக்கும் சிறு செயற்கூறு) பொதிந்து வேறு பெயர் வைத்து, உள்ளீட்டுக்கு வழக்கமான எஸ்ஆர்சிஎஸ் என்ற பெயரையே கொடுத்தால், பில்டிஃபையருக்கு அது சாதாரண மூலக்கோப்புப் பட்டியல், தயங்காமல் அடுக்கிவிடும். பட்டியலுக்கு மேலே 'டு நாட் சார்ட்' என்ற குறிப்புரையை இட்டால் விட்டுவிடும். அதோடு நிறுத்தாமல், வரிசைக்குப் பொருள் உள்ள உள்ளீட்டுக்கு எஸ்ஆர்சிஎஸ் என்ற பெயரே வேண்டாம் என்பது எங்கள் குழுவின் இப்போதைய வழக்கம். குறிப்புரையை யாராவது சுத்தம் செய்கிறேன் என்று அழித்துவிடுவார்கள். பெயரை அவ்வளவு எளிதில் மாற்றமாட்டார்கள்.

மேவன் பக்கம் நிலைமை வேறு. சார்ட்பாம் இயல்பாகச் சார்புகளையும் செருகுநிரல்களையும் தொடாது. பெரிய பகுதிகளை மட்டும் ஒரு நிலையான வரிசைக்குக் கொண்டுவரும். அந்த அளவில் அது தங்கமான கருவி. அமைப்பில் கூடுதலாக இரண்டு வரி சேர்த்து அந்த இரண்டையும் அகரவரிசையில் அடுக்கச் சொல்லலாம். அங்கேதான் வினை.

பில்டின் ஒரே கட்டத்தில் இயங்கும் செருகுநிரல்களை, போம் கோப்பில் எழுதிய வரிசையிலேயே மேவன் ஓட்டுகிறது, 3.0.3 பதிப்பிலிருந்து இதுதான் நடைமுறை. நான் பார்த்த ஒரு திட்டத்தில், எல்லாச் சார்புகளையும் ஒரே ஜாருக்குள் (ஜாவா வகுப்புகளின் தொகுப்புக் கோப்பு) திணிக்கும் ஷேட் செருகுநிரல் முன்னால், அந்த ஜாரை எடுத்து ஜிப் கட்டும் அசெம்பிளி செருகுநிரல் பின்னால் இருந்தன. இரண்டும் பேக்கேஜ் கட்டத்தில் ஓடுபவை. அகரவரிசையில் அசெம்பிளிதான் முந்தும். பில்ட் பச்சையாகவே முடிந்தது, சோதனைகளும் தேறின. ஜிப்புக்குள் மட்டும் சார்புகள் ஏதுமற்ற ஒல்லி ஜார். அதை இயக்கியபோதுதான் வகுப்பைக் காணவில்லை என்ற பிழை எழுந்தது. வரிசை மாறியதால் வரும் பிழைகளில் பாதி இப்படிச் சத்தமில்லாமல்தான் வருகின்றன.

சார்புகளிலும் இதே கதைதான். ஒரு நூலகத்தின் இரு பதிப்புகள் மறைமுகச் சார்பாக (சார்பின் சார்பாக) ஒரே ஆழத்தில் வந்தால், போமில் முதலில் அறிவித்த சார்பின் வழியே வருவதையே மேவன் எடுத்துக்கொள்ளும். அகரவரிசை அந்தத் தேர்வைத் தலைகீழாக்கக்கூடும். அடுக்குவதற்கு முன்னும் பின்னும் சார்பு மரத்தை அச்சிட்டு ஒப்பிடாமல் இதைச் செய்யவே கூடாது.

நடைமுறைக்குச் சில சொற்கள். கருவியின் பதிப்பைக் களஞ்சியத்திலேயே பூட்டிவையுங்கள்; இல்லையென்றால் உங்கள் கணினி ஒன்று சொல்லும், மாற்றங்களைத் தானாகச் சோதிக்கும் சிஐ வேறொன்று சொல்லும். முதல் முறை முழுக் களஞ்சியத்தையும் அடுக்கும் மாற்றம் கிட்டில் (மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கருவி) தனி கமிட்டாக இருக்கட்டும், அதில் வேறு எந்தத் திருத்தமும் கலக்க வேண்டாம். அந்த கமிட்டின் அடையாளத்தைத் தவிர்ப்புக் கோப்பில் சேர்த்து, அந்தக் கோப்பை கிட்டுக்கும் சுட்டிக்காட்டிவிட்டால், வரி யாருடையது என்று தேடும்போது பழைய ஆசிரியரே தெரிவார். 2019ல் வந்த கிட் 2.23லிருந்து இந்த வசதி உண்டு. சிஐயில் பிழை சொல்லும் முறையில் மட்டும் ஓட்டுங்கள். தானே திருத்தி கமிட் போடும் ரோபோ எனக்குப் பிடிப்பதில்லை, யாரும் படிக்காத மாற்றம் உள்ளே நுழைந்துவிடும்.

பில்டிஃபையரை இன்னும் முழு வீச்சில் வைத்திருக்கிறேன். சார்ட்பாமில் பகுதிகளின் வரிசையைச் சரிபார்ப்பது மட்டுமே இயங்குகிறது. சார்புகளையும் செருகுநிரல்களையும் அடுக்கும் அமைப்புகளை அணைத்துவிட்டோம். மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் இழுக்கும் கோரிக்கையில் (புல் ரிக்வெஸ்ட்) யாராவது அவற்றை மறுபடி இயக்கினால், சார்பு மர ஒப்பீட்டை இணைக்கச் சொல்லித் திருப்பி அனுப்புகிறேன்.