அரிசி பருப்பு சேர்த்து வைக்க தகர டிரம்மா, எவர்சில்வர் டிரம்மா?

கடலோர ஊர்ல இருக்கவங்க காசு கொஞ்சம் கூடப் போனாலும் எவர்சில்வரே வாங்குங்க. தகரம்ங்கறது உள்ள இரும்பு, மேல மெல்லிசா ஒரு பூச்சு, அளக்கற படி உரசி அந்தப் பூச்சு கீறிடுச்சுன்னா உப்புக்காத்துல துரு அங்கேர்ந்து ஆரம்பிச்சுடும், அதுவும் அடிமடிப்புல பிடிச்சா நம்ம கண்ணுக்குத் தெரியறதுக்குள்ள ஓட்டை விழுந்துடும். எவர்சில்வர்ல இருக்கற குரோமியம் காத்து பட்டதும் தானாவே ஒரு படலம் கட்டிக்கும், கீறினாலும் மறுபடி உண்டாகும். ஆனா கல்லுப்பு, புளி ரெண்டுலயும் வேண்டவே வேண்டாம், உப்பு எவர்சில்வரையே புள்ளி புள்ளியா அரிக்கும், அதுக்கு பீங்கான் ஜாடிதான்.

மதுரை, சேலம் பக்கம்னா தகரமே போதும்.

ஈரம்னு வந்தா எந்த டிரம்மும் தானா காப்பாத்தாதுங்க. அரிசில ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டினா பூஞ்சை பிடிக்க ஆரம்பிக்கும். பருப்ப வெயில்லயும் அரிசிய நிழல்லயும் உலர்த்தி, நல்லா ஆறவிட்டு அப்புறம் கொட்டுங்க, சூட்டோட கொட்டி மூடினா மூடி வேர்த்து உள்ளயே சொட்டும். சிமெண்ட் தரைல நேரா வைக்காம பலகை போட்டு வைங்க, ஐப்பசி கார்த்திகைல தரை ஈரம்தான் தகரத்தோட அடிய முதல்ல தின்னும்.