ஷோரூமில் போட்ட பெயின்ட் சீலன்ட்: ஐந்து வருடத்துக்குப் பிறகு

2020 ஜனவரியில் கார் எடுத்தேன். அடர் நீல நிறம். கொட்டேஷனில் இன்ஷூரன்ஸுக்குக் கீழே ‘பெயின்ட் சீலன்ட், 3 வருட வாரண்டி’ என்று தனியாக ஒரு வரி இருந்தது. காரின் பெயின்ட்டைக் காக்க அதன்மேல் பூசுகிற திரவம்தான் சீலன்ட். 6,500 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 7,670. வேண்டுமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது விற்பனையாளர் சொன்னார்: “சார், நீங்க தூத்துக்குடி. உப்புக் காத்து. இது போடலேன்னா ரெண்டே வருஷத்துல கலர் செத்துரும்.”

எங்கள் வீட்டு இரும்புக் கேட்டுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெயின்ட் அடித்தே ஆக வேண்டும். ஜன்னல் கம்பி, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மூடி, எல்லாமே அப்படித்தான். அந்த பயத்தில் சரி என்று கையெழுத்துப் போட்டேன். கார் இப்போது 58,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இன்று அதே மேசைக்கு முன்னால் உட்கார்ந்தால் அந்த வரியை நீக்கச் சொல்லிவிடுவேன். ஏன் என்று விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பணத்தைக் கொடுக்கலாமா என்று மாதம் ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள்.

டெலிவரிக்கு முந்தின நாள் வேலையை நேரில் பார்க்கப் போனேன். யார்டில் வெயிலில் நின்ற காரைக் கழுவி, ஏற்கெனவே பல வண்டி துடைத்த துணியால் துடைத்தார்கள். பாலாடை போன்ற ஒரு திரவத்தை ஸ்பாஞ்சில் எடுத்துப் பூசி, மெஷினால் தேய்த்து, வேறொரு துணியால் வழித்தார்கள். மொத்தம் ஒன்றரை மணி நேரம். அன்று கார் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு வாரம் கழித்து, காலை பத்து மணி வெயிலில் பானெட்டைச் சாய்வாகப் பார்த்தபோதுதான் வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள் தெரிந்தன. புதுக் காரில் அந்தக் கோடுகள் வருவதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. அந்தத் துணியில் இருந்த மணல் கீறி, அதன்மேல் சீலன்ட் போட்டு மூடியிருக்கிறார்கள்.

முதல் இரண்டு மூன்று மாதம் நன்றாக இருந்ததை மறைக்கக் கூடாது. தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக உருண்டு ஓடியது. தூசி அவ்வளவாக ஒட்டவில்லை. கழுவுகிற வேலை பாதியாகக் குறைந்தது. மார்ச் மாதம் ஊரடங்கு வந்தது. கார் தெருவில் வேப்பமரத்தடியில் நின்றது. ஒன்பது நாள் நான் கிட்டப் போய்ப் பார்க்கவே இல்லை. போனபோது பானெட்டில் மூன்று இடத்தில் காக்கை எச்சம் காய்ந்து கல்லாகியிருந்தது. ஊறவைத்து எடுத்த பிறகும் அந்த மூன்று இடமும் மங்கலாக, விளிம்பு தெரியும்படி தழும்பாக நின்றுவிட்டன. சீலன்ட் போட்டு அப்போது இரண்டரை மாதம்கூட ஆகவில்லை.

பறவை எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. அது மட்டும் காரணமில்லை. பகல் வெயிலில் பெயின்ட் சூடாகி விரிந்து கொஞ்சம் இளகுகிறது. மாலையில் குளிர்ந்து சுருங்கும்போது, மேலே கெட்டியாகிக் கிடக்கும் எச்சத்தின் வடிவத்துக்கு ஏற்பச் சுருங்குகிறது. அந்த இடம் மட்டும் மேடுபள்ளமாகி ஒளியைச் சிதறடிக்கிறது. சீலன்ட் என்பது பாலிமர் திரவம் காய்ந்த மிக மெல்லிய படலம். சில மணி நேரம் தாக்குப்பிடிக்கலாம், தூத்துக்குடி வெயிலில் ஒன்பது நாளை அது தாங்காது.

மே மாதம் ஷோரூம் திறந்ததும் வாரண்டி கார்டோடு போனேன். கார்டின் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னார்கள். பறவை எச்சம், மரப்பால், பூச்சி, தார், உப்புத் தண்ணீர்க் கறை, கல் பட்ட காயம் எதற்கும் வாரண்டி கிடையாது. வருடம் ஒருமுறை பணம் கட்டி மறுபூச்சு போடாவிட்டால் மொத்த வாரண்டியும் ரத்து. ஒரு காரின் பெயின்ட்டைக் கெடுக்கிற எல்லாமே அந்தப் பட்டியலில் இருந்தது. மிச்சம் இருப்பது நிறம் வெளிறுவது. அதைத் தடுக்கிற வேலையைத்தான் தொழிற்சாலையிலேயே நிறத்தின் மேல் அடிக்கிற நிறமற்ற கடைசிப் பூச்சான கிளியர் கோட் செய்கிறது. புற ஊதாக் கதிரை உறிஞ்சும் பொருள்களை அதிலேயே கலந்துதான் அடிக்கிறார்கள்.

பெயின்ட் என்று நாம் சொல்வது ஒற்றை அடுக்கு இல்லை. இரும்புத் தகட்டின் மேல் பாஸ்பேட் பூச்சு, அதன்மேல் உடம்பு முழுவதையும் தொட்டியில் முக்கி மின்சாரத்தால் ஒட்டவைக்கிற அடிப்பூச்சு, பிறகு பிரைமர், நிறம், கடைசியில் கிளியர் கோட். எல்லாம் சேர்ந்து சுமார் 100 முதல் 140 மைக்ரான், ஏறக்குறைய ஒரு தாளின் தடிமன். துருவைத் தடுப்பது அந்த அடிப்பூச்சு. உப்புக் காற்று கூரையிலிருந்தோ பானெட்டின் மேலிருந்தோ தின்னத் தொடங்குவதில்லை. என் காரில் ஐந்து வருடத்தில் துரு தெரிந்த இடங்கள்: கதவின் அடிவிளிம்பில் தகடு மடியும் இடம், சக்கர வளைவுக்குள் போல்ட் தலைகள், சைலன்சர். சீலன்ட் துணி போகாத இடங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடிய சின்ன ஓட்டைகள் இருக்கும். அதில் மண் அடைத்தால் உப்புத் தண்ணீர் உள்ளேயே தங்கும். பழைய டூத் பிரஷ்ஷால் அதை நான் குத்தி எடுக்கத் தொடங்கியது மூன்றாவது வருடத்தில்தான். முதல் வருடமே செய்திருக்க வேண்டும்.

இனி, திட்டமிடாமல் நடந்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். 2021 அக்டோபரில் மார்க்கெட் பக்கம் ஒரு குட்டியானை லோடு வண்டி இடது பின்கதவை உரசிவிட்டுப் போய்விட்டது. இன்ஷூரன்ஸில் அந்தக் கதவுக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்தோம். புதுப் பெயின்ட் முழுதாக ஆறும் வரை மூன்று மாதமாவது மெழுகு, சீலன்ட் எதுவும் தொடக் கூடாது என்று பெயின்டர் சொன்னார். 2022 ஜனவரியில் இரண்டாவது மறுபூச்சுக்கு 1,500 ரூபாய் கட்டினேன், அந்த ஒரு கதவை விட்டுவிடச் சொல்லி. ஆக, ஒரே காரில் சீலன்ட் போட்ட வலது பின்கதவும் போடாத இடது பின்கதவும் கிடைத்தன. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இரண்டிலும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பேன். மார்ச் கடைசி வரை வலது கதவில் முத்து உருண்டது, இடது கதவில் தண்ணீர் தட்டையாகப் படர்ந்தது. ஏப்ரல் நடுவில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அதற்குப் பிறகு மறுபூச்சுக்கு நான் போகவில்லை. இன்று இரண்டு கதவையும் வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பளபளப்பில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. தொழிற்சாலையில் 140 டிகிரியை ஒட்டிய சூட்டில் வேகும் பெயின்ட்டைவிட, ஒர்க்‌ஷாப்பில் 60 டிகிரியில் காயும் பெயின்ட் பொதுவாக மென்மையானது. அதையும் மீறி இடது கதவு ஈடு கொடுத்திருக்கிறது.

என் காரின் முகத்தைக் கெடுத்தது வெயிலும் உப்பும் இல்லை, துணிதான். தெருவில் காலையில் கார் துடைக்க ஒரு தம்பி வருவார், மாதம் 500 ரூபாய். ஒரு வாளித் தண்ணீர், ஒரு துணி, ஏழு எட்டு கார். எங்கள் ஊரில் காற்றோடு வருவது வெறும் தூசி இல்லை. உப்பளத்து உப்பு, அனல் மின் நிலையச் சாம்பல், துறைமுகத்து நிலக்கரித் துகள் எல்லாம் சேர்ந்தது. அதைக் காய்ந்த நிலையிலேயே துணியால் இழுப்பது உப்புக்காகிதத்தால் தேய்ப்பது போலத்தான். தம்பி மேல் குற்றமில்லை, அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சர்வீஸ் போகும்போதெல்லாம் ஷோரூமிலும் இதே கழுவல்தான். ஒவ்வொரு முறையும் கீறலைக் காட்டி ரப்பிங் பாலிஷ் போடச் சொல்வார்கள். பாலிஷ் என்பது கிளியர் கோட்டையே கொஞ்சம் சீவி எடுப்பது. அது இருப்பதே ஏறத்தாழ 40 மைக்ரான். எத்தனை முறை சீவ முடியும்?

மூன்றாவது வருடத்திலிருந்து நானே கழுவுகிறேன். போர் தண்ணீரைத் தொடுவதில்லை. அதன் கால்சியம் வெயிலில் காய்ந்து வெள்ளைப் புள்ளியாகிவிடும், சீலன்ட் போட்ட காரில் முத்தாக நின்று காய்வதால் புள்ளி இன்னும் எடுப்பாகத் தெரியும். வல்லநாட்டிலிருந்து வரும் தாமிரபரணித் தண்ணீர் இரண்டு வாளி போதும். முதலில் துணி படாமல் ஊற்றி மண்ணை இறக்குகிறேன். ஷாம்பு வாளி ஒன்று, துணி அலச இன்னொன்று. மேலிருந்து கீழாக. துடைக்க மைக்ரோஃபைபர் துணி, கீழே விழுந்தால் அன்றைக்கு அது காருக்குக் கிடையாது. டேஷ்போர்டில் ஒரு ஸ்ப்ரே பாட்டில் தண்ணீரும் ஒரு துணியும் எப்போதும் இருக்கும், எச்சத்தைப் பார்த்த இடத்திலேயே ஊறவைத்து ஒற்றி எடுத்துவிடுவேன். நான்கு மாதத்துக்கு ஒருமுறை நிழலில் நிறுத்தி, 900 ரூபாய்க்கு வாங்கிய சீலன்ட்டை நானே பூசுகிறேன். ஒரு பாட்டில் இரண்டு வருடம் வந்தது. சீலன்ட் என்ற பொருள் மேல் எனக்குக் கோபமில்லை, கழுவுவதை அது உண்மையிலேயே எளிதாக்குகிறது. 900 ரூபாய்ப் பொருளை 7,670-க்கு, மூன்று வருடக் காவல் என்று சொல்லி விற்பதில்தான் எனக்கு வருத்தம்.

சில ஷோரூம்களில் இதையே டெஃப்லான் கோட்டிங் என்பார்கள். டெஃப்லான் உருகி ஒட்டுவதற்கே 327 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், தோசைக்கல்லுக்கு அப்படித்தான் ஏற்றுகிறார்கள். காரின் பெயின்ட் அந்தச் சூட்டில் கருகிவிடும். செராமிக் கோட்டிங் வேறு வகை, கூடுதல் நாள் நிற்கும். ஆனால் 9எச் என்று அவர்கள் சொல்வது பென்சில் கடினத்தன்மை அளவு, அதனால் கல்லடியைத் தாங்கும் என்று அர்த்தமில்லை. மதுரை நான்குவழிச் சாலையில் லாரிக்குப் பின்னால் போய் பானெட் முனையில் கல் பட்ட காயங்கள் எனக்கு ஆறேழு இருக்கின்றன. அதைத் தடுக்கக்கூடியது பெயின்ட்டின் மேல் ஒட்டுகிற, 150 மைக்ரானுக்கு மேல் தடிமனுள்ள பி.பி.எஃப். (பெயின்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம்) மட்டும்தான், விலையும் அதற்கேற்ப.

போன மாதம் அக்கா மகள் கார் எடுத்தாள். “மாமா, பெயின்ட் புரொடெக்‌ஷன்னு 12,000 போட்டிருக்காங்க. அந்த வரியை நீக்கச் சொல்லவா?” என்று போனில் கேட்டாள். நீக்கச் சொன்னேன், இரண்டு நிமிடத்தில் புதுக் கொட்டேஷன் வந்தது. அப்புறம் இன்னொன்றும் கேட்கச் சொன்னேன்: டெலிவரிக்கு முன் காரைக் கழுவவோ துடைக்கவோ வேண்டாம், யார்டு தூசியோடு அப்படியே கொடுங்கள் என்று. அவர்கள் ஒருமுறைக்கு இரண்டுமுறை கேட்டு உறுதி செய்துகொண்டார்கள். தூசி படிந்த காருக்கு மாலை போட்டுத்தான் போட்டோ எடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் நிழலில் நிறுத்தி, இரண்டு வாளி வைத்து, அவளையே கழுவச் சொன்னேன். மறுநாள் காலை வெயிலில் பானெட்டைச் சாய்வாகப் பார்த்தோம். ஒரு வட்டக் கோடுகூட இல்லை.