ஸ்ட்ரீட்மிக்ஸ்: ஓட்டுக் கேட்கப் போகும் முன் தெருவை அளந்து பார்க்க

வீடு, போக்குவரத்து, நீடித்த வளர்ச்சி ஆகிய மூன்றையும் சொல்லி நகர்மன்றத் தேர்தலில் நிற்பவர் வழக்கமாகத் தரும் வாக்குறுதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அகலமான நடைபாதை, பேருந்துக்குத் தனித் தடம், சைக்கிள் பாதை, நிழல் மரம், கார் நிறுத்த இடம். தனித்தனியே பார்த்தால் ஐந்துமே நியாயம்தான். ஐந்தையும் ஒரே தெருவில் படுக்க வைத்தால் ஒன்றுக்காவது கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எதன் கால், எவ்வளவு நீட்டுகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டும் கருவிதான் ஸ்ட்ரீட்மிக்ஸ்.

2013-ல் கோட் ஃபார் அமெரிக்கா அமைப்பின் ஹேக்கத்தான் (நிரலாளர்கள் கூடி மென்பொருள் உருவாக்கும் கூட்டம்) ஒன்றில் தொடங்கிய திறமூல மென்பொருள் இது. உலாவியிலேயே ஓடும், எதையும் நிறுவ வேண்டாம், கணக்குத் தொடங்காமலே வரையலாம். தெருவைக் கத்தியால் குறுக்கே வெட்டி எதிரே நின்று பார்ப்பது போன்ற படம் திரையில் வரும். நடைபாதை, கார் தடம், பேருந்துத் தடம், மரம், விளக்குக் கம்பம் எல்லாம் கீழே பட்டைகளாக அடுக்கியிருக்கும். வேண்டியதை இழுத்து வைத்தால் முடிந்தது. கைப்பேசியில் இந்த இழுவை வேலை எரிச்சலூட்டும், மடிக்கணினியில் உட்காருங்கள்.

நகரத் திட்டமிடுபவருக்கு இது எப்படி உதவும் என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இங்கே பார்ப்பது ஒரே கேள்வியைத்தான்: கவுன்சிலர் வேட்பாளர் இதை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போகலாமா?

போகலாம். ஆனால் முதலில் தேவைப்படுவது மென்பொருள் அல்ல, முப்பது மீட்டர் ஃபைபர் டேப்பும் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆளும். போக்குவரத்து தொடங்காத விடியற்காலையில் ஒரு தெருவுக்கு மூன்று இடங்களில் அளக்க வேண்டும்: நடுப்பகுதி, பேருந்து நிறுத்தம், சந்திப்புக்குச் சற்று முன். சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை மொத்த அகலம் ஒன்று, நடைபாதை விளிம்பில் உள்ள ஓரக்கல்லிலிருந்து எதிர் ஓரக்கல் வரை இன்னொன்று. இரண்டையும் எழுதிக்கொள்ளாவிட்டால் நடைபாதைக் கணக்கு உதைக்கும். வான்படத்தில் அளந்தால் போதாதா என்றால், கூரை நீட்டலும் மரக்கிளையும் ஓரத்தை மறைத்துவிடும், அரை மீட்டர் தவறுவது சாதாரணம். சைக்கிள் பாதைக்கும் காருக்கும் இடையே விடும் தடுப்பே அவ்வளவுதான் இருக்கும். நிலப் பதிவேட்டில் உள்ள சாலை அகலமும் டேப்பில் வரும் அகலமும் பல தெருக்களில் ஒத்துப்போகாது. படத்துக்கு டேப் கணக்கு, வாதத்துக்குப் பதிவேட்டுக் கணக்கு என்று கலந்தால் முதல் கூட்டத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள். மூன்று இடங்களில் எது குறுகலோ அதுதான் உங்கள் தெரு.

மென்பொருளைத் திறந்ததும் ஒரு மாதிரித் தெரு வந்து நிற்கும். அதைத் திருத்தப் போகாமல் காலித் தெருவிலிருந்து தொடங்குங்கள். அளவை மீட்டருக்கு மாற்றிவிட்டு மொத்த அகலத்தைக் கொடுங்கள். பட்டையின் மேல் சுட்டியை வைத்துக் கூட்டல், கழித்தல் விசைகளை அழுத்தினால் அகலம் மாறும், ஷிஃப்ட்டையும் சேர்த்துப் பிடித்தால் இன்னும் சிறிய படியாக மாறும். டெலீட் அழுத்தினால் பட்டை போய்விடும். இதற்கு மேல் கற்றுக்கொள்ள அதிகமில்லை.

18 மீட்டர் அகலத் தெரு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இன்று இருபுறமும் ஒன்றரை மீட்டர் நடைபாதை, அதையொட்டி 2.2 மீட்டர் கார் நிறுத்தம். நடுவில் மிஞ்சும் 10.6 மீட்டரில் நான்கு தடங்கள், ஒன்றுக்கு 2.65 மீட்டர். நான்கு தடமென்று பெயர்தானே தவிர, பேருந்து வந்தால் ஒன்றரைத் தடத்தைப் பிடித்துக்கொள்ளும். இதுதான் ‘இப்போது’ படம். இதை வரையாமல் நேரே கனவுத் தெருவுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். வாக்காளருக்குத் தெரிந்தது இந்தத் தெருதான், ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு இது வேண்டும்.

அடுத்து ‘நாளை’ படம். நடைபாதை இரண்டும் 2.4 மீட்டர், கார் தடம் இரண்டு தலா 3 மீட்டர், ஒரு திசைக்கு மட்டும் பேருந்துத் தடம் 3.3 மீட்டர், ஒரு பக்கமாக இருவழி சைக்கிள் பாதை 3 மீட்டர், பேருந்துத் தடத்துக்கும் சைக்கிள் பாதைக்கும் நடுவே 0.9 மீட்டர் தடுப்பு. கூட்டினால் சரியாக 18. கார் நிறுத்தம் முழுக்கப் போய்விட்டது. அதை ஒரு பக்கமாவது திரும்ப வைத்துப் பாருங்கள், 2.2 மீட்டர் கூடுதல் என்று மேலே எண் காட்டும், பொருந்தாத பட்டையின் மேலும் எச்சரிக்கை வரும். இந்த மென்பொருளின் மிகச் சிறந்த அம்சம் அந்த எண்தான். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பதை வேட்பாளரிடம் இவ்வளவு தயவுதாட்சண்யமின்றிச் சொல்லும் ஆள் பிரச்சாரக் குழுவில் இருக்க மாட்டார்.

அந்த எண் காசு கேட்பது போல. இங்கே விலை, போகும் கார் நிறுத்தம். அதை நீங்களும் சொல்லியே ஆக வேண்டும். ஒரு காருக்கு ஆறு மீட்டர் நீளம் என்று வைத்தால், 300 மீட்டர் நீளத் தெருவின் இரு பக்கத்திலும் ஏட்டுக் கணக்கில் நூறு கார் நிற்கும். வீட்டு வாசல், குறுக்குப் பாதை, சந்திப்பு முனை இவற்றைக் கழித்தால் குறையும். எத்தனை என்று நீங்களே நடந்து எண்ணி வைத்திருங்கள். எதிராளி எண்ணிச் சொன்னால் அது குற்றச்சாட்டு, நீங்கள் முந்திச் சொன்னால் திட்டம்.

அம்புக்குறி விஷயம் சின்னதுதான், ஆனால் படத்தையே கேலிக்கூத்தாக்கிவிடும். இடப்பக்கம் ஓட்டும் நாடு என்றால் படத்தின் இடப் பாதியில் வண்டிகள் நம்மைவிட்டு விலகிப் போக வேண்டும், வலப் பாதியில் நம்மை நோக்கி வர வேண்டும். பட்டையின் மேல் தோன்றும் சிறு குறிகளைச் சொடுக்கித் திசையைத் திருப்பலாம். இதை விட்டுவிட்டு அச்சடித்தால், தெருவில் வண்டி ஓட்டுகிற எவருக்கும் ஏதோ இடிக்கிறது என்று பட்டுவிடும், அதற்குப் பிறகு எந்த அளவையும் நம்ப மாட்டார்கள்.

இனி இது காட்டாதவை. சந்திப்பு கிடையாது, மேலிருந்து பார்க்கும் படம் கிடையாது. சைக்கிள் பாதைகளில் விபத்து மிரட்டுவது பெரும்பாலும் சந்திப்பில், திரும்பும் வண்டியால்தான். அந்த இடமே படத்தில் இல்லை. பேருந்து நிறுத்தமும் அப்படித்தான். நடுத்தெருப் படத்தில் 0.9 மீட்டர் தடுப்பு அழகாக இருக்கிறது, பேருந்திலிருந்து இறங்குகிறவர் அதில் நிற்க முடியுமா? சக்கர நாற்காலி திரும்பவே ஒன்றரை மீட்டர் வட்டம் வேண்டும். ஆகவே நிறுத்தத்துக்கென்று இன்னொரு குறுக்குவெட்டு போடுங்கள்: சைக்கிள் பாதைப் பக்க நடைபாதை 1.8, சைக்கிள் பாதை 2.4 என்று இறக்கினால் 1.2 மீட்டர் கிடைக்கும், தடுப்போடு சேர்த்து 2.1 மீட்டர் மேடை. மொத்தம் அதே 18. இந்த இரண்டாவது படத்தைக் கையில் வைத்திருக்கும் வேட்பாளரை மடக்குவது கஷ்டம்.

பேருந்துத் தடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் துண்டுப் பிரசுரங்களில் அதிகம் தவறாகப் போவது இதுதான். அமெரிக்க நகரங்களின் போக்குவரத்து அதிகாரிகள் கூட்டமைப்பான நாக்டோ 2016-ல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, சுமார் 3 மீட்டர் அகலத் தடம் தனியார் வண்டிகளுக்கென்றால் மணிக்கு 600 முதல் 1,600 பேரைக் கொண்டுசெல்லும், பேருந்துக்கென்றே ஒதுக்கினால் 4,000 முதல் 8,000 பேர். எண்ணைப் பார்த்ததும் பிரசுரத்தில் போடக் கை பரபரக்கும். பொறுங்கள். பேருந்துக்கு அறுபது பேர் என்றால் 4,000 பேருக்கு மணிக்கு அறுபத்தேழு பேருந்து வேண்டும், நிமிடத்துக்கு ஒன்றுக்கும் மேல். உங்கள் தெருவில் பத்து நிமிடத்துக்கு ஒன்றுதான் வருகிறது என்றால் மணிக்கு 360 பேர். கார் தடத்தைவிடக் குறைவு! தடம் மட்டும் கேட்பவர் தோற்றுப்போவது இந்தக் கணக்கில்தான். தடத்தையும் பேருந்து எண்ணிக்கையையும் ஒரே வாக்கியத்தில் கேளுங்கள். ஸ்ட்ரீட்மிக்ஸில் வரைந்த பேருந்து எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வரும் என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. எப்போதும் வந்து நிற்பது போலவே இருக்கும்.

வீட்டு விஷயத்தில் மென்பொருள் பாதி உதவிதான். தெருவின் இரு ஓரத்திலும் கட்டடத்தைத் தேர்ந்தெடுத்து மாடிகளைக் கூட்டிக் குறைக்கலாம். மாடிக்கு 3 மீட்டர் என்றால் 18 மீட்டர் தெருவில் ஆறு மாடி, உயரமும் அகலமும் சமம். பார்க்க நெருக்கமாக இருந்தாலும் மூச்சு முட்டாது. உயரக் கட்டடம் என்று பயம் காட்டுபவர்களுக்கு இது நல்ல பதில். ஆனால் உங்கள் ஊர்க் கட்டட விதி மூன்று மாடிக்குத்தான் அனுமதிக்கிறது என்றால் ஆறு மாடிப் படம் உங்கள் வாக்குறுதியாகிவிடும். இப்போதுள்ள விதிப்படி ஒன்று, நீங்கள் கேட்கும் திருத்தப்படி ஒன்று என இரண்டு போடுங்கள்.

மற்ற பாதி மனையின் ஆழத்தில் இருக்கிறது, குறுக்குவெட்டு அங்கே எட்டிப் பார்க்காது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம் 2016-ல் குடியிருப்பு நிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கில் கூடுதல் அடர்த்திக்கு, அதாவது அதே மனையில் அதிக வீடுகளுக்கு, அனுமதி கொடுத்தது. வீட்டுப் பிரச்சினையில் நகரமன்றம் ஒன்று எடுத்த பெரிய முடிவுகளில் அது ஒன்று, தெருப் படத்தில் அதன் சுவடுகூடத் தெரியாது. வீடு கட்டினால் இத்தனை காருக்கு இடம் விட்டே ஆக வேண்டும் என்னும் கட்டாய வாகன நிறுத்த விதியும் அதே மாதிரி. ஒரு கார் நிற்கவும் உள்ளே வந்து திரும்பவும் சேர்த்து 25 முதல் 30 சதுர மீட்டர் போகும், அது ஒரு சிறு வீட்டின் பரப்பு. அமெரிக்காவின் பஃபலோ நகரம் 2017-ல் அந்தக் கட்டாயத்தை எடுத்தேவிட்டது. வீட்டுக் கொள்கையைத் தனித் தாளில் எழுதுங்கள், இந்தப் படத்தின் முதுகில் ஏற்றாதீர்கள்.

மரம் விஷயத்தில் மென்பொருள் கொஞ்சம் ஏமாற்றுகிறது என்றே சொல்ல வேண்டும். ஒரு மீட்டருக்கும் குறைவான பட்டையில் மரம் வைத்தாலும் படத்தில் தழைத்து நிற்கும். மண்ணுக்கடியில் வேர் எங்கே போகும் என்று அது கேட்பதில்லை. கழிவுநீர்க் குழாய், மின்கம்பி, மழைநீர் வடிகால் எதுவும் படத்தில் இல்லை. ஓரக்கல்லை அரை மீட்டர் தள்ளினாலே வடிகால் வாயும் தள்ள வேண்டும், செலவில் பெரும்பங்கு அங்கேதான் கரையும். ஆகவே முதல் கட்டத்துக்கு ஓரக்கல்லைத் தொடாத மாற்று ஒன்றையும் வரைந்து வையுங்கள்: பெயின்ட், பிளாஸ்டிக் கம்பம், நகர்த்தக்கூடிய தொட்டி. நடைபாதை அகலமாகாது, ஆனால் ஆறு மாதச் சோதனைக்கு அது போதும், பிடிக்காவிட்டால் திரும்ப எடுத்துவிடலாம் என்றும் சொல்லலாம்.

அதற்கும் முன்னால், தெரு யாருடையது என்று பாருங்கள். பெரிய சாலைகள் பல ஊர்களில் நகராட்சியிடம் இருப்பதில்லை, மேலே உள்ள அரசுத் துறையிடம் இருக்கும். கவுன்சிலருக்கு மன்றத்தில் இருப்பது ஒரு ஓட்டு. ‘இப்படி மாற்றுவேன்’ என்று படத்தின் கீழ் எழுதினால் அது பொய். ‘இதைச் சோதித்துப் பார்க்கத் தீர்மானம் கொண்டுவருவேன்’ என்றால் கையில் உள்ளதைச் சொல்கிறீர்கள். தீயணைப்பு நிலையத்திலும் ஒரு நடை கேட்டுவிடுங்கள். மேலே போட்ட தெருவில் பேருந்துத் தடத்துக்கும் கார் தடத்துக்கும் இடையே கல் தடுப்பு இல்லாமல் விட்டது அவர்கள் வண்டிக்காகத்தான்.

அச்சுக்கு எடுக்கும்போது, படமாகச் சேமிக்கும் இடத்தில் பட்டைகளின் பெயரையும் அகலத்தையும் மறைக்கும் வசதி இருக்கிறது. அதை மறைத்துவிட்டு உங்கள் மொழியில் பெயரையும் மீட்டரையும் நீங்களே பெரிய எழுத்தில் போடுங்கள். இரண்டு படமும் ஒரே அளவில், ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தால் எது சுருங்கியது, எது விரிந்தது என்று கண் தானே பிடித்துக்கொள்ளும்.

உங்கள் ஸ்ட்ரீட்மிக்ஸ் தெருவின் இணையச் சுட்டியைப் பிரசுரத்தில் கியூஆர் குறியாகப் போடுவதில் ஒரு பொறி உண்டு. அது அன்றைய நிலையில் உறைந்து நிற்காது. நாளை நீங்கள் தெருவைத் திருத்தினால் நேற்றுப் பிரசுரம் வாங்கியவரும் திருத்தியதைத்தான் பார்ப்பார், கையில் உள்ள தாள் ஒன்று சொல்லும், திரை வேறு சொல்லும். அச்சுக்குப் போகும் தெருவுக்குத் தனி நகல் எடுத்து, பெயரிலேயே தேதியைச் சேர்த்து, அந்த நகலைத் தொடாமல் விட்டுவிடுங்கள். திருத்தமெல்லாம் மற்றதில். சுட்டி கிடைத்த எவரும் உங்கள் தெருவைத் தன் நகலாக்கி மாற்ற முடியும், எதிராளியும் மாற்றுவார். அதில் கார் நிறுத்தத்தைத் திரும்ப வைத்திருந்தால் மேலே உள்ள எண்ணைப் படித்துக் காட்டுங்கள்.