ஜானி ரெட் முதல் தொகுப்பு: விமானம் தெரிந்தவர்கள் பார்வையில்

போர் விமானி காமிக்ஸ் என்றாலே நாயகன் வீரன், எதிரி முட்டாள், விமானம் வெறும் வாகனம் என்ற வாய்ப்பாடுதான். பிரிட்டனின் 'பேட்டில் பிக்சர் வீக்லி' என்ற காமிக்ஸ் வார இதழில் 1977 ஜனவரியில் தொடங்கிய 'ஜானி ரெட்' அதிலிருந்து விலகி நிற்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் பயன்படுத்திய ஹரிகேன் போர் விமானத்தின் குறைபாடுகளிலிருந்தே கதை பிறப்பதுதான் காரணம். எழுத்து டாம் டல்லி, ஓவியம் ஜோ கோல்கூன். தொடக்கப் பகுதிகளை டைட்டன் புக்ஸ் 'ஃபால்கன்ஸ் ஃபர்ஸ்ட் ஃப்ளைட்' என்ற ஹார்ட்கவர் தொகுப்பாகக் கொண்டுவந்தது. இந்த வகைக் கதைகளில் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இதை வாங்கலாம்.

நாயகன் ஜானி ரெட்பர்ன், லிவர்பூல்காரன். மேலதிகாரியைத் தாக்கியதற்காக ராயல் ஏர் ஃபோர்ஸிலிருந்து துரத்தப்பட்டு, ரஷ்யாவுக்குச் சரக்கு கொண்டுபோகும் கப்பலொன்றில் எடுபிடி வேலை பார்க்கிறான். ஜெர்மானியத் தாக்குதலின்போது கப்பலில் இருந்த ஹரிகேனில் ஏறிக் கிளம்புகிறான். திரும்பி இறங்க இடம் கிடையாது. ரஷ்யக் கரையை நோக்கிப் பறந்து, ஃபால்கன் ஸ்குவாட்ரன் என்ற சோவியத் படையணியில் போய்ச் சேர்கிறான்.

இதைப் படிக்கும் பலர் "ரொம்ப ஓவர்" என்று ஒதுக்கிவிடுவார்கள். உண்மையில் கதையின் வலுவான பகுதியே இதுதான். பிரிட்டன் 35 சரக்குக் கப்பல்களில் விமானத்தை ராக்கெட் விசையால் எறிந்து கிளப்பும் கவண் பொருத்தி, ஆளுக்கொரு ஹரிகேனை ஏற்றி அனுப்பியது. ஏவினால் அதோடு சரி. சண்டை முடிந்ததும் விமானி பாராசூட்டில் குதிக்க வேண்டும், அல்லது கப்பலுக்கு அருகே கடலில் இறக்க வேண்டும். ஆர்க்டிக் கடல் நீரில் சில நிமிடங்களிலேயே கைகால் மரத்துப்போகும். 1942 செப்டம்பரில் 'எம்பயர் மார்ன்' கப்பலிலிருந்து ஏவப்பட்ட பர் என்ற விமானி கடலில் குதிக்காமல், இருந்த பெட்ரோலை வைத்துக்கொண்டே ஆர்க்காங்கெல்ஸ்க் அருகே ஒரு ரஷ்யத் தளத்தில் பத்திரமாக இறங்கினார். ஜானி செய்வதும் இதேதான்.

கதை அவசரப்படுவது ஏவும் கட்டத்தில். கவணிலிருந்து கிளம்ப, ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் உள்ள மடிப்பை) 30 டிகிரி இறக்க வேண்டும். எஞ்சின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை முழுக்கத் திறந்து, அதிர்ச்சியில் பின்னால் நழுவாதபடி அதன் திருகை இறுக்க வேண்டும். வாலில் உள்ள திசைமாற்றியான ரட்டரின் வலது மிதியைக் கொஞ்சம் மிதித்து, தலையைப் பின்னால் சாய்த்து, வலது முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். முழங்கை விலகியிருந்தால் ராக்கெட் வெடித்த வேகத்தில் கை பின்னுக்குப் போய் ஸ்டிக்கை (மூக்கை ஏற்றி இறக்கும் கட்டுப்பாட்டுத் தண்டை) இழுத்துவிடும். மூக்கு செங்குத்தாகத் தூக்கி, விமானம் ஸ்டால் ஆகி, அதாவது இறக்கையின் தூக்குவிசையை இழந்து, கடலில் விழும். பொத்தானை அழுத்துவதும் விமானி அல்ல. கப்பலின் முன்பகுதி அலையில் மேலெழும் நேரம் பார்த்துத் தளத்து அதிகாரி அழுத்துவார். வாரத்துக்கு மூன்று, நான்கு பக்கம் என்ற தவணையில் இவ்வளவுக்கும் இடமில்லைதான். ஆனாலும் இதற்கென்று ஒரு பக்கம் கூடுதலாகக் கொடுத்திருந்தால் பதற்றம் இரட்டிப்பாகியிருக்கும்.

வான்சண்டையைப் பொறுத்தவரை, கோல்கூனின் கோடுகளுக்கு நிகரில்லை. கடற்படையில் இருந்தவர், 'பேடி பெய்ன்' என்ற இன்னொரு விமானித் தொடரையும் வரைந்தவர். விமானம் திரும்பும்போது இறக்கை எவ்வளவு சாயும், கீழே நிலம் எந்தக் கோணத்தில் தெரியும் என்பதெல்லாம் அவர் கைக்குப் பழக்கம். ஆனால் தூரம் எப்போதும் பொய்தான். ஹரிகேனின் எட்டு துப்பாக்கிகளும் பொதுவாக 250 கஜத்தில் குவியும்படி வைக்கப்பட்டவை. காமிக்ஸ் கட்டத்திலோ இரு விமானங்களும் உரசாத குறையாகப் பறக்கும். சின்னக் கட்டத்தில் இருவரையும் காட்ட வேறு வழியில்லை, இதை மன்னிக்கலாம். தோட்டாக் கணக்கை மன்னிப்பது கடினம். விடாமல் சுட்டால் கால் நிமிடத்தில் காலியாகும் துப்பாக்கிகள் அவை. பொதுவாகவே விமானிக் கதைகளில் இந்தக் கணக்கு காற்றில் பறக்கிறது, இங்கும் பெரிய விதிவிலக்கு இல்லை.

இன்னொன்றையும் கவனித்துப் படிக்கலாம். ஹரிகேனில் இருந்த ஆரம்பகால மெர்லின் எஞ்சினில், பெட்ரோல் வரத்தை ஒரு மிதவை கட்டுப்படுத்தும் கார்புரேட்டர். ஸ்டிக்கைச் சட்டென முன்னால் தள்ளி மூக்கை இறக்கினால் பெட்ரோல் வராமல் எஞ்சின் திணறும். எதிரியான ஜெர்மனியின் மெஸ்ஸர்ஸ்மிட் 109 போர் விமானத்தில் பெட்ரோலை நேரடியாக உட்செலுத்தும் அமைப்பு. அது மூக்கை இறக்கித் தப்பிவிடும். துரத்தும் ஹரிகேன் விமானி முதலில் விமானத்தைக் குப்புறப் புரட்டி, அப்புறம் இழுத்துக்கொண்டே டைவ் அடிக்க வேண்டும். அந்த 109-இன் எஃப் வகை ஹரிகேனைவிட மணிக்கு 80 கி.மீ.க்கும் மேல் வேகம் கூடியது. ஹரிகேனுக்கு இருந்த ஒரே பெரிய சாதகம் குறுகிய வட்டத்தில் திரும்புவது. ஜானி நேர்கோட்டில் துரத்திப் பிடிக்கும் இடங்களை நம்பாதீர்கள். திரும்பித் திரும்பி ஜெயிக்கும் இடங்களை நம்பலாம். ரஷ்ய விமானிகள் தோட்டா தீர்ந்ததும் எதிரி மேல் மோதுவது மட்டும் மிகையல்ல. 'தரான்' என்ற பெயரில் நிஜமாகவே அது நடந்தது.

ஒற்றை ஆங்கிலேய விமானத்தை ரஷ்யப் பனியில் எப்படி ஓட்டிக்கொண்டே இருக்க முடியும் என்ற கேள்வியும் வரும். சோவியத்துக்கு ஏறக்குறைய 3,000 ஹரிகேன்கள் போயிருந்தன. உதிரிபாகம் கிடைக்காத பொருளல்ல. பின்பகுதி துணி போர்த்தியது. குண்டு ஓட்டை போட்டாலும் ஒட்டுப்போட்டு மறுநாள் பறக்கலாம். பெட்ரோல்தான் நிஜமான தலைவலி: மெர்லினின் முழு பலம் 100 ஆக்டேன் என்ற உயர்தரப் பெட்ரோலில்தான் வரும். கதை இதைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பது பெரிய ஏமாற்றம்.

அடுத்த தொகுப்புகளில் நினா பெட்ரோவாவின் தலைமையில் 'ஏஞ்சல்ஸ் ஆஃப் டெத்' என்ற பெண் விமானிகள் அணி வருகிறது. அதுவும் வெறும் கற்பனையில்லை. சோவியத்தின் பெண் போர் விமானிகளுக்கான 586-வது படைப்பிரிவில் தொடங்கிய லிடியா லித்வியாக், யெகதெரினா புதனோவா இருவரும் நிஜப் போர் விமானிகள். கோல்கூன் 1979-இல் 'சார்லீஸ் வார்' தொடருக்குப் போக, ஜான் கூப்பர் ஓவியத்தை ஏற்றார். கூப்பர் வேகமும் இயந்திரங்களும் நன்றாக வரைவார். முகங்களில் அந்தச் சோர்வும் அழுக்கும் கோல்கூனிடம்தான்.

வாங்கும்போது அச்சைக் கட்டாயம் பாருங்கள். பழைய மட்டக் காகித இதழ்களில் வந்த தொடர் என்பதால், இரவுக் காட்சிகளில் மெல்லிய கோடுகள் கருமையில் கரைந்திருக்கிறதா என்று ஒன்றிரண்டு பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாலே பிரதியின் தரம் தெரிந்துவிடும். ஒரே மூச்சில் படிக்காதீர்கள்: வாராவாரம் ஆபத்தில் முடியும் தவணைகள், நாலைந்துக்கு மேல் சேர்த்துப் படித்தால் அலுக்கும். விமான விவரம் மட்டுமே முக்கியம் என்பவர்கள், கார்த் என்னிஸ் எழுதி கீத் பர்ன்ஸ் வரைந்த 2015-இன் 'ஜானி ரெட்: தி ஹரிகேன்' வண்ணத் தொடரையும் சேர்த்து வாங்கலாம். பர்ன்ஸ் விமான ஓவியமே தொழிலாகக் கொண்டவர். ஆனால் டல்லி–கோல்கூனை முதலில் படித்துவிட்டு அதற்குப் போங்கள்.