சான்றிதழ்ச் சங்கிலியும் ஓபன்எஸ்எஸ்எல்லும்: பல வருடப் பழக்கத்தில் சொல்வது

இலங்கையின் ஹட்டன், மஸ்கெலியா பக்கத் தேயிலைத் தோட்டங்களில் மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) நிறுக்கும் கொழுந்தின் எடை, ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி வழியாக எங்கள் சேர்வருக்கு வருகிறது. அன்றைக்கு முழுப்பேரா அரைப்பேரா (முழுநாள் சம்பளமா, அரைநாள் சம்பளமா) என்பது அந்த எடையில்தான் இருக்கிறது. பெட்டி சரியான சேர்வரோடுதான் பேசுகிறதா என்று பார்க்க நான் பல வருடங்களாக நம்புவது, பாதுகாப்பான இணைப்புக்கான மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எல் (OpenSSL) தரும் கட்டளையை. பிரவுசரின் பூட்டுச் சின்னத்தை அல்ல.

காரணம் இருக்கிறது. சேர்வர் தான் யார் என்று காட்டும் சான்றிதழோடு, அதற்குக் கையொப்பமிட்ட இடைநிலைச் சான்றிதழையும் அனுப்ப வேண்டும். அங்கிருந்து, பெட்டி ஏற்கெனவே நம்பும் ரூட் சான்றிதழ் வரை போவதுதான் சங்கிலி. அனுப்பாவிட்டாலும் குரோம் தானே தேடி எடுத்து ஒப்பேற்றிவிடும். ஃபயர்பொக்ஸ் தெரிந்த இடைநிலைகளை முன்கூட்டியே சேமித்து வைத்திருக்கும். பைத்தன் நிரல் அப்படியெல்லாம் தாங்கிப் பிடிக்காது. நாங்கள் எஸ்எம்எஸ் அனுப்பப் பயன்படுத்தும் ஒரு நிறுவனத்தின் இணைப்பு திடீரென அறுந்தபோது, "பிரவுசரில் திறக்கிறதே, உங்கள் பக்கம்தான் பிழை" என்றார்கள். ஓபன்எஸ்எஸ்எல்லில் இணைப்பைச் சோதிக்கும் எஸ்-கிளையன்ட் (s_client) கட்டளையை ஓட்டினேன். ஒவ்வொரு சான்றிதழுக்கும் யாருடையது, யார் கொடுத்தது என்று இரண்டு வரி காட்டும். வந்தது ஒரே ஒரு சோடி, அதாவது இடைநிலை வரவில்லை; கீழே பிழை எண் 21 (முதல் சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை). அதை அப்படியே அனுப்பிய பிறகுதான் மறுமுனையில் ஆள் அசைந்தது. அதுவரை "சரிபார்ப்பை நிறுத்திவிடலாமே" என்று எங்கள் ஆட்களே கேட்டார்கள். அதற்கு என்னிடம் ஒரே பதில்தான்: நிறுத்தினால் நடுவில் யார் உட்கார்ந்தாலும் பெட்டிக்குத் தெரியாது.

குறையும் உண்டு. எஸ்-கிளையன்ட் தானாகப் பெயரை ஒப்பிடாது. சங்கிலி சரியாக இருந்தால், வேறு தளத்தின் சான்றிதழுக்கும் ஓகே போட்டுவிடும். பெயரைச் சரிபார் என்று தனியாகச் சொல்ல வேண்டும். பிழை வந்தாலும் நிற்காமல் இணைப்பைத் தொடரும், அதற்கும் தனி விருப்பம். இவ்வளவு பழைய கருவிக்கு இது நல்ல குணமில்லை.

உண்மையான சோதனை 2021 செப்டம்பர் 30. இலவசமாகச் சான்றிதழ் கொடுக்கும் லெட்ஸ் என்க்ரிப்ட்டின் சான்றிதழ்களுக்குப் பின்னால் நின்ற டிஎஸ்டி ரூட் எக்ஸ்3 என்ற பழைய ரூட் அன்று காலாவதியானது. லெட்ஸ் என்க்ரிப்ட்டின் சொந்த ரூட்டான ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 ஏற்கெனவே பெட்டிகளில் இருந்தது, ஆனாலும் ஓபன்எஸ்எஸ்எல் 1.0.2 இருந்தவை மட்டும் இணைப்பை மறுத்தன. அந்தப் பதிப்பு சேர்வர் கொடுத்த வழியையே முதலில் பிடித்துக்கொண்டு போய், காலாவதியான ரூட்டில் முட்டி நிற்கும். 1.1.0 முதல், தன்னிடம் இருக்கும் நம்பகமான ரூட்டை முதலில் பார்க்கும். வேடிக்கை என்னவென்றால், 7.1.1க்கு முந்திய அண்ட்ரொய்ட் போன்களுக்காகத்தான் அந்தப் பழைய வழியை விட்டு வைத்திருந்தார்கள். அவை ரூட்டின் காலாவதித் தேதியைப் பார்ப்பதில்லை. கணக்கப்பிள்ளைமார் கையில் இருந்த பழைய போன்கள் பாட்டுக்கு ஓட, பெட்டிகள் படுத்தன. பழைய ரூட்டை நம்பிக்கைப் பட்டியலிலிருந்து நீக்கியதும் சரியாகிவிட்டது.

அப்புறம் 2022 மின்வெட்டுக் காலம். கடிகார பெட்டரி செத்த பெட்டி, கரண்ட் வந்ததும் பழைய தேதியில் எழும்பும். நல்ல சான்றிதழையே "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று தள்ளும், பிழை எண் 9. சேர்வரைக் குடைய முன் தேதியைப் பாருங்கள்.

பொதுச் சான்றிதழ்களின் உச்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100, 2029 மார்ச் 15 முதல் 47 என்று இறங்குகிறது. கையால் புதுப்பிப்பவர்களுக்கு இது தலைவலி. எங்களிடம் புதுப்பிப்பு தானாக ஓடுகிறது. முடிந்த கையோடு ஒரு பழைய பெட்டியிலிருந்து பெயரோடு சேர்த்துச் சங்கிலியைச் சோதித்து, தவறினால் என் போனுக்கு அடிக்கும்.